மீன் தொட்டியில் சண்டை ஏன்? குணமா, நீரின் குறையா?

வண்ண மீன் வளர்ப்பு சிறு விவசாயிகளுக்கு ஏற்ற உப தொழில்களில் ஒன்று. வீட்டுக் கொல்லையில் நாலைந்து சிமெண்டுத் தொட்டிகள், உப்பு இல்லாத கிணற்று நீர், காலையும் மாலையும் சற்று நேரக் கவனிப்பு, இவை இருந்தால் போதும். சென்னை கொளத்தூரிலும் திருவள்ளூர் மாவட்டத்தின் சில கிராமங்களிலும் இதையே முழு நேரத் தொழிலாகச் செய்யும் குடும்பங்கள் உண்டு.

இத்தொழிலில் இறங்கியவர்களுக்கு நஷ்டத்தை உண்டாக்குவது நோய் மட்டுமல்ல. மீன்கள் ஒன்றையொன்று துரத்துவதாலும் கடிப்பதாலும் துடுப்பும் வாலும் கிழிந்து போகின்றன. வால் கிழிந்த மீனை வியாபாரி கழித்து ஒதுக்கி விடுவார். மூன்று மாதம் தீனி போட்டு வளர்த்தது அத்தனையும் வீண். இதைக் கண்ட விவசாயி பதறிப் போய்க் கடையில் கிடைக்கும் ஏதாவது ஒரு மருந்தை வாங்கித் தொட்டியில் ஊற்றி விடுகிறார். பல சமயங்களில் மீன்கள் சாவது அந்த மருந்தினால்தான். ஆகவே மீன் ஏன் சீறுகிறது, ஏன் ஒடுங்குகிறது என்பதைத் தெரிந்து கொண்ட பிறகே கை வைக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது

தொட்டியில் ஏதோ சரியில்லை என்று தோன்றியதும், ஒரு கால் மணி நேரம் அசையாமல் நின்று கவனிக்க வேண்டும். கோளாறு ஒன்றிரண்டு மீன்களிடமா, எல்லா மீன்களிடமுமா என்பதே முதல் கேள்வி.

ஒரு மீன் துரத்துகிறது, மற்றொன்று ஓடுகிறது, மற்றவை சாதாரணமாக மேய்கின்றன என்றால் அது மீனின் குணம். எல்லா மீன்களும் ஒரே நாளில் ஒன்று போல மாறி விட்டன என்றால் கோளாறு நீரில் இருக்கிறது. முதல் நாள் ஒன்று, மறுநாள் மூன்று, அடுத்த நாள் பத்து என்று பரவினால் அது நோய். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் சேதத்தைத் தவிர்த்து விடலாம்.

சண்டை மீனின் இயற்கைக் குணம்

கோழிக் கூட்டத்தில் புதிதாக ஒரு கோழியை விட்டால் மற்றவை அதைக் கொத்தித் துரத்துவதை எல்லா விவசாயிகளும் பார்த்திருப்பார்கள். மீன்களிடமும் இதே வழக்கம் உண்டு. இடத்திற்காகவும், இரைக்காகவும், துணைக்காகவும், முட்டை குஞ்சுகளைக் காப்பதற்காகவும் மீன்கள் சண்டையிடுகின்றன.

டச்சு நாட்டில் பிறந்த விஞ்ஞானி நிக்கோ டின்பர்கன், முள்முதுகு மீன் என்ற சிறு மீனை வைத்து இதை ஆராய்ந்தார். இனப்பெருக்கக் காலத்தில் இதன் ஆணுக்கு வயிறு சிவக்கும். அடிப்பக்கம் சிவப்பாக வண்ணம் தீட்டிய வெறும் பொம்மையைத் தொட்டியில் இறக்கினாலும் ஆண் மீன் பாய்ந்து தாக்கியது. பொம்மை மீனைப் போல இருக்க வேண்டும் என்று கூட இல்லை, சிவப்பு இருந்தால் போதும். சன்னல் ஓரத் தொட்டியில் இருந்த மீன்கள், தெருவில் சிவப்பு நிறத் தபால் வண்டி போன போது கூடச் சீறின. விலங்குகளின் நடத்தையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கும் வேறு இருவருக்கும் 1973-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதிலிருந்து விவசாயி அறிய வேண்டியது ஒன்று உண்டு. மீன் கோபித்துக் கொண்டு சண்டை போடுவதில்லை. கண்ணில் படும் ஒரு நிறம், ஓர் உருவம், ஓர் அசைவு அதைத் தூண்டி விடுகிறது. தூண்டுவதை மறைத்து விட்டால் சண்டை தானாக அடங்கி விடும்.

ஃபைட்டர் மீன்

சண்டைக்குப் பெயர் போனது ஃபைட்டர் மீன். இதன் தாயகம் தாய்லாந்து. அந்நாடு 2019-ல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இரண்டு ஆண்களை ஒரே பாத்திரத்தில் விட்டால் செவுள் மூடிகளை விரித்துக் கொண்டு, துடுப்புகளை விறைத்துக் கொண்டு பாயும். கண்ணாடியில் தெரியும் தன் நிழலைக் கண்டாலும் இதே கதைதான்.

ஓர் ஈட்டுக் குஞ்சுகள் சிறு வயதில் ஒன்றாகவே வளரும். இரண்டரை, மூன்று மாதத்தில் ஆண்களின் துடுப்புகள் நீண்டு நிறம் ஏறும்போது துரத்தல் ஆரம்பிக்கும். அந்தச் சமயத்தில் ஆண்களைப் பொறுக்கித் தனித் தனிப் பாட்டில்களில் விட்டுவிட வேண்டும். ஒரு வாரம் தாமதித்தாலும் நல்ல வால்கள் கிழிந்து போகும். ஒரு முறை பிரித்த ஆணைத் திரும்பவும் கூட்டத்தில் விடக் கூடாது.

பாட்டில்களை வரிசையாக அடுக்கும்போது நடுவில் அட்டையோ பழைய காகிதமோ வைத்து மறைப்பது அவசியம். அடுத்த பாட்டிலில் உள்ள ஆணைப் பார்த்து நாள் முழுவதும் சீறிக் கொண்டிருக்கும் மீன் இரை எடுக்காமல் இளைத்து விடும். விற்பதற்கு முன்பு சில நிமிடம் மட்டும் அட்டையை எடுத்துக் காட்டினால் போதும்.

இனப்பெருக்கத்தின் போதும் எச்சரிக்கை தேவை. பெண் மீனை ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டு, அதை ஆண் இருக்கும் தொட்டிக்குள் வைக்க வேண்டும். ஆண் நீர் மட்டத்தில் நுரைக் கூடு கட்டி, பெண்ணின் உடலில் செங்குத்தான கோடுகள் தெரிந்த பிறகே குவளையிலிருந்து விட வேண்டும். பெண் மீனின் உடலில் கோடுகள் படுக்கை வாட்டத்தில் ஓடினால் அது பயந்திருக்கிறது என்று பொருள். அப்போது விட்டால் கடிபட்டுச் சாகும். முட்டையிட்டு முடிந்தவுடன் பெண்ணை எடுத்து விட வேண்டும். முட்டைகளைக் காப்பது ஆணின் வேலை. அது பெண்ணை எதிரியாகவே பார்க்கும். குஞ்சுகள் கூட்டை விட்டு நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்து விடலாம்.

வேடிக்கைக்காக இம்மீன்களை மோத விடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

மற்ற மீன்கள்

ஏஞ்சல் மீன்: ஆறு முதல் எட்டு மீன்களை ஒன்றாக வளர்த்து வந்தால் அவை தாமே ஜோடி சேரும். ஒரு ஜோடி தொட்டியின் ஒரு பகுதியைப் பிடித்துக் கொண்டு, மற்ற மீன்களை எல்லாம் எதிர் மூலையில் ஒடுக்கி வைத்திருந்தால், அதுதான் அடையாளம். அந்த ஜோடியைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். அடிக்கடி எட்டிப் பார்ப்பது, தொட்டியைத் தட்டுவது, இரவில் திடீரென விளக்குப் போடுவது போன்றவற்றால் மிரண்ட தாய் மீன்கள் தம் முட்டைகளைத் தாமே தின்று விடும்.

தங்க மீன்: இது சாதுவான மீன். ஆனால் இனப்பெருக்கத்திற்குத் தயாரான ஆண்கள் பெண்ணின் வயிற்றுப் பக்கம் முட்டிக் கொண்டே விரட்டும். இதைச் சண்டை என்று எண்ணிப் பிரித்து விடக் கூடாது. இச்சமயத்தில் ஆண் மீனின் செவுள் மூடிகளிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும் வெண்ணிறப் பொடிப் புள்ளிகள் தோன்றும். இது வெண்புள்ளி நோய் அல்ல. நோயாக இருந்தால் புள்ளிகள் உடல் முழுவதும், வாலிலும் ஒழுங்கின்றிப் பரவும். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல தாய் மீன்களுக்கு மருந்து போட்டுக் கெடுப்பவர்கள் உண்டு.

கப்பி, வாள்வால் மீன்: இவற்றின் ஆண்கள் பெண்களை ஓய்வின்றித் துரத்தும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்ற கணக்கில் விட்டால் எந்தப் பெண்ணும் அதிகமாக அலைக்கழியாது.

டைகர் பார்ப்: இது மற்ற மீன்களின் நீண்ட துடுப்புகளைக் கடிக்கும் பழக்கம் உள்ளது. இரண்டு மூன்றாக விட்டால் கடி அதிகம். எட்டு, பத்து என்று கூட்டமாக விட்டால் தங்களுக்குள்ளேயே விரட்டி விளையாடிக் கொள்ளும். ஏஞ்சல், ஃபைட்டர் ஆகியவற்றுடன் இதைச் சேர்க்கவே கூடாது.

சண்டையைக் குறைக்கும் வழிகள்

ஒரே அளவுள்ள மீன்களை ஒரு தொட்டியில் வைப்பது முதல் விதி. வேகமாக வளர்ந்த சில மீன்கள் இரையை எல்லாம் தாமே தின்று, சிறியவற்றைக் கடித்து விரட்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை தரம் பிரித்துப் பெரியவற்றை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

இரையை ஒரே மூலையில் கொட்டாமல் மூன்று நான்கு இடங்களில் தூவ வேண்டும். அப்போது வலுத்த மீன் எல்லா இடத்தையும் காவல் காக்க முடியாது.

அடிபட்ட மீன் ஒளிந்து கொள்ள மறைவிடம் வேண்டும். உடைந்த மண்பானை ஓடுகள், பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், நீர்ப்பாசிக் கொடிகள் இவற்றில் எதையாவது போடலாம். பானை ஓட்டின் கூரிய விளிம்பைத் தேய்த்து மழுக்கி விடுவது நல்லது.

புதிய மீன்களைச் சேர்ப்பதானால் மாலையில், வெளிச்சம் மங்கிய பிறகு, பழைய மீன்களுக்கு இரை கொடுத்து விட்டுச் சேர்க்க வேண்டும். அதற்கு முன் ஓடுகளையும் கற்களையும் இடம் மாற்றி வைத்தால், பழைய மீன்களுக்கு எல்லை மறந்து போகும். எல்லாமே புதிதாக இடம் தேட வேண்டியிருப்பதால் சண்டை குறையும். கண்ணாடித் தொட்டியானால் பக்கங்களில் கறுப்புக் காகிதம் ஒட்டினால் மீன் தன் நிழலைக் கண்டு சீறுவது நிற்கும்.

இவ்வளவு செய்தும் ஒரே மீன் மற்றவற்றை வதைத்துக் கொண்டிருந்தால், அடிபடும் மீனை எடுப்பதில் பயனில்லை. இன்னொரு மீன் அடிபட ஆரம்பிக்கும். அடிக்கும் மீனைத்தான் ஒரு வாரம் தனியே வைக்க வேண்டும். திரும்ப விடும்போது அதுவே புது மீனாக வந்து சேரும்.

அயர்ச்சியின் அறிகுறிகள்

இனி, எல்லா மீன்களும் ஒன்றாக மாறுவதைப் பார்ப்போம். இதற்கு அயர்ச்சி என்று பெயர். மீன் தாங்க முடியாத நிலைக்கு உள்ளாகும்போது அதன் உடலில் கார்டிசால் என்னும் சுரப்பு கூடுகிறது. சில மணி நேரத்திற்கு இது மீனுக்கு உதவும். நாள் கணக்கில் நீடித்தால் பசி குறைந்து, வளர்ச்சி நின்று, நோய் எதிர்ப்புச் சக்தி போய் விடும். அயர்ச்சிக்குப் பின்னால் வெண்புள்ளியும் வால் அழுகலும் வரிசையாக வருவது இதனால்தான்.

துடுப்புகளை உடலோடு ஒட்டிக் கொள்ளுதல், நிறம் வெளுத்தல் அல்லது கறுத்தல், இரையைத் திரும்பிப் பாராமை, மூலையில் ஒடுங்குதல், தொட்டிச் சுவரில் உடலைத் தேய்த்தல், திடீரென்று பாய்ந்து மோதுதல், செவுளை வேகமாக அடித்தல், நீர் மட்டத்தில் வாய் பிளத்தல் ஆகியவை அறிகுறிகள். ஃபைட்டர், கௌராமி போன்ற மீன்கள் மட்டும் இயற்கையாகவே மேலே வந்து காற்றைக் குடிக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

நீரில் என்ன குறை?

பிராண வாயு: சூடு ஏற ஏற நீரில் கரையும் பிராண வாயு குறையும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8.2 மில்லி கிராம் வரை கரையும். 30 டிகிரியில் இது 7.5 மில்லி கிராமாக இறங்கி விடும். பச்சை நிறமேறிய தொட்டியில், பகலில் வாயுவை உண்டாக்கும் பாசியே இரவில் அதை உறிஞ்சிக் கொள்கிறது. ஆகவே விடியற்காலையில்தான் பற்றாக்குறை மிக அதிகம். விடியும் நேரத்தில் எல்லா மீன்களும் மேலே வந்து வாய் பிளந்து, வெயில் ஏறியதும் சரியாகி விட்டால், காரணம் இதுதான். இரவில் காற்றுக் குழாய் ஓட வேண்டும், மீனின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், கோடையில் தொட்டிக்கு மேல் பந்தலோ நிழல் வலையோ போட வேண்டும்.

அமோனியா: மீன் தன் செவுள் வழியாக வெளிவிடும் கழிவு இது. தின்னாமல் அழுகும் தீவனத்திலிருந்தும் உண்டாகிறது. நீரின் காரத் தன்மை கூடும்போது இதன் நஞ்சு பல மடங்காகும். கார அமில நிலை 7 உள்ள நீரை விட 8 உள்ள நீரில் நஞ்சான பகுதி ஏறத்தாழப் பத்து மடங்கு. பாசி பிடித்த தொட்டியில் பிற்பகலில் காரம் ஏறும். எனவே காலையில் நன்றாக இருந்த மீன்கள் மதியத்திற்கு மேல் காற்றுக் குழாய் ஓடும்போதே திணறினால், செவுள் சிவந்திருந்தால், அமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். இதைச் சோதிக்கும் சிறு பெட்டி வண்ண மீன் கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்துக் கொள்வது நல்லது.

புதுத் தொட்டி: அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டிச் சுவரிலும் வடிகட்டியிலும் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீன்களை நெருக்கி விட்டால் சேதம் நிச்சயம். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பும் இறங்கிக் காரத்தைக் கூட்டும். வாழை மட்டைத் துண்டுகள் அல்லது சாணம் போட்டு நீர் நிரப்பி ஊற வைத்து, பல முறை வடித்துக் கழுவிய பிறகே மீன் விட வேண்டும்.

குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர்: நகராட்சி நீரில் உள்ள குளோரின் செவுளை அரிக்கும். திறந்த தொட்டியில் ஒரு நாள் முழுவதும் தேக்கி வைத்துப் பயன்படுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராண வாயு மிகக் குறைவு. அதை உயரத்திலிருந்து சிதறி விழும்படி விட வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

எல்லா மீன்களும் திணறும்போது முதலில் தீனியை நிறுத்த வேண்டும். அடியில் தேங்கிய கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து விட்டு, தொட்டி நீரில் நாலில் ஒரு பங்கை மாற்ற வேண்டும். மொத்த நீரையும் ஒரே சமயத்தில் மாற்றுவது பெரிய தவறு. வெப்பமும் காரமும் திடீரென்று மாறினால் அதுவே இன்னொரு அயர்ச்சி. புது நீரின் வெப்பம் பழைய நீரிலிருந்து இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது. தேவையானால் மறுநாள் இன்னொரு நாலில் ஒரு பங்கு மாற்றலாம்.

அடுத்தது கல் உப்பு. அயர்ந்த மீனின் உடலிலிருந்து உப்புச் சத்து நீரில் கசிந்து கொண்டே இருக்கும். நீரில் சிறிது உப்பு இருந்தால் இந்த இழப்பு குறையும். நைட்ரைட்டின் நஞ்சு செவுள் வழியே ஏறுவதையும் உப்பு தடுக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராம் போதுமானது. தொட்டியின் நீள, அகல, நீர் ஆழங்களை அடிக் கணக்கில் பெருக்கி, அதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். பத்தடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி நீர் உள்ள தொட்டியில் 60 கன அடி, அதாவது சுமார் 1,700 லிட்டர். இதற்கு 1.7 கிலோ உப்பு. அதைத் தனியே கரைத்து, சிறிது சிறிதாகப் பல இடங்களில் ஊற்ற வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு தங்கி விடும். எனவே வற்றியதை நிரப்ப நீர் விடும்போது மேலும் உப்புச் சேர்க்கக் கூடாது. மாற்றிய நீருக்கு மட்டும் சேர்த்தால் போதும். செதில் இல்லாத கெளுத்தி வகைகள் உப்பை அவ்வளவாகத் தாங்குவதில்லை.

காரணம் தெரியாமல் மயில் துத்தமோ, உயிர் எதிரி மருந்துகளோ போடக் கூடாது. துத்தம் அளவு சற்றுக் கூடினாலும் மீனைக் கொல்லும். உயிர் எதிரி மருந்துகள் கழிவை மாற்றும் நல்ல நுண்ணுயிர்களையும் அழித்து அமோனியாவைக் கூட்டி விடலாம்.

விற்பனை சமயத்தில்

பிடிப்பதும் பையில் அடைப்பதும் மீனுக்குப் பெரும் அயர்ச்சி. அனுப்புவதற்கு முதல் நாளே தீனியை நிறுத்த வேண்டும். வயிறு காலியாக இருந்தால் பை நீர் கெடாது. பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் இரண்டு பங்கு பிராண வாயுவும் இருக்க வேண்டும். ஆண் ஃபைட்டரை ஒரு பைக்கு ஒன்றாகத்தான் அடைக்க வேண்டும். பிடிப்பதற்கு மென்மையான கை வலையைப் பயன்படுத்தினால் செதில் உதிராது.

விற்காத மீன், அடங்காத மீன் என்று எதையும் ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டு விடக் கூடாது. தொட்டிகளிலிருந்து வெளியேறிய சக்கர் மீன் பல நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்து, மீனவர்களுக்கு இன்று தொல்லையாகி விட்டது.

நாள்தோறும் இரை போடும்போது ஐந்து நிமிடம் நின்று பார்ப்பதே இத்தொழிலில் மிகச் சிறந்த மருந்து. போட்ட இரையை ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்காத மீன் ஏதோ சொல்ல வருகிறது. எந்தத் தொட்டி, எந்த நேரம், எத்தனை மீன், என்றைக்கு நீர் மாற்றியது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால் காரணம் விரைவில் புலப்படும். மேலும் விவரம் வேண்டுவோர் அந்த நோட்டையும், ஒரு பாட்டில் தொட்டி நீரையும் எடுத்துக் கொண்டு, அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.